ரெஃபரன்ஸ் பட்டியலின் ஐந்தாவது வரி

திருப்பூரில் நூல் வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு 2009ஆம் ஆண்டு நான் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிக் கொடுத்த தரவுத்தளம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கே கணக்குப் பார்க்கும் பெரியவர் அழைத்து, "ஏனுங்க தம்பி, பில்லு போட்டா தேதிகிட்டயே நின்னுக்குதுங்க, ஏதோ இங்கிலீசு எழுத்தா ஒரு ஜன்னல் தொறக்குதுங்க" என்றார். தொலைவிலிருந்தே அவருடைய கணினியைத் திறந்து பார்த்தபோது நிரல் எழுதும் ஜன்னல் விரிந்திருந்தது. "டேட்" என்ற ஒரே ஒரு சொல் நீல நிறத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க, மேலே "கேன்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி" என்று கம்பைல் பிழை, அதாவது நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும்போதே வரும் பிழை, நின்றது. இன்றைய தேதி என்ன என்று கேட்கும் அந்தச் சொல் பதினைந்து ஆண்டுகளாக ஒரு நாளும் பிசகாமல் வேலை செய்த சொல்.

இந்தப் பிழையை முதன்முறையாகப் பார்ப்பவர் தேதியோடு மல்லுக்கட்டி அரை நாளைத் தொலைப்பார். பழகியவர்கள் தேதியின் பக்கமே திரும்பாமல் நேராக டூல்ஸ் மெனுவில், நிரல் பயன்படுத்தும் லைப்ரரிகளை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, வரிசையாகக் காட்டும் ரெஃபரன்ஸ் பட்டியலைத் திறப்பார்கள். புதிதாக உருவாக்கிய ஆக்சஸ் கோப்பு ஒன்றில் அந்தப் பட்டியலில் நான்கு வரிகள் டிக் செய்யப்பட்டிருக்கும்: ஆக்சஸில் நிரல் எழுதும் விஷுவல் பேசிக் மொழியின் சொந்த லைப்ரரி, ஆக்சஸின் ஆப்ஜெக்ட் லைப்ரரி, ஓஎல்இ ஆட்டோமேஷன், தரவுத்தள எஞ்சினின் லைப்ரரி. என் கோப்பில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. விபிஸ்கிரிப்ட் ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் 5.5 என்ற அந்த வரிக்கு முன்னால் "மிஸ்ஸிங்" என்ற சொல் ஒட்டியிருந்தது.

நடந்தது இதுதான். கணினிகளின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளக் கடைக்காரர் புதிதாக ஒருவரை அமர்த்தியிருந்தார். அவர் வார இறுதியில் வந்து, விண்டோஸ் 11இன் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலிலிருந்து விபிஸ்கிரிப்டை நீக்கியிருக்கிறார். அவர் கணக்கில் அது சரியான செயல்தான். இன்று பெரும்பாலும் வைரஸ் எழுதுபவர்களுக்கே பயன்படும் ஒரு பழைய மொழியை அலுவலகக் கணினியில் வைத்திருக்க வேண்டிய தேவை என்ன என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த மொழியின் டிஎல்எல் என்னும் நிரல் கோப்புக்குள்தான், உரையில் வடிவம் தேட என் பில் படிவம் பயன்படுத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ், சுருக்கமாக ரெஜெக்ஸ், குடியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

இல்லாமல் போனது ரெஜெக்ஸ், விழுந்தது தேதி. இந்த முரண்தான் பலரைக் குழப்புகிறது. "டேட்" என்று வெறுமனே எழுதினால், அந்தப் பெயர் எந்த லைப்ரரிக்கு உரியது என்பதைக் கம்பைலர் பட்டியலில் உள்ள லைப்ரரிகளைக் கொண்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பட்டியலில் ஒன்று உடைந்திருந்தால், அந்தத் தேடலை நம்பிக்கையோடு முடிக்க முடியாமல், கண்ணில் பட்ட முதல் பெயரிலேயே கையை விரித்துவிடுகிறது. லெஃப்ட், ட்ரிம், ஃபார்மட் என்று எதுவும் இந்தப் பழியைச் சுமக்கலாம். "விபிஏ" என்று லைப்ரரியின் பெயரை முன்னால் போட்டு, புள்ளி வைத்து எழுதினால் அதே சொல் ஒழுங்காக ஓடும். ஆனால் பல்லாயிரம் வரிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் யாரும் அப்படிக் குலப்பெயர் சேர்த்து எழுதுவதில்லை.

நான் ஆக்சஸ் கற்றுக்கொண்டது 97ஆம் பதிப்பில். ஒரு சரத்துக்குள், அதாவது எழுத்துத் தொடருக்குள், ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாக மாற்றித் தரும் ரிப்ளேஸ், காற்புள்ளியில் வெட்டித் தரும் ஸ்ப்ளிட் போன்றவைகூட அந்தப் பதிப்பின் மொழியில் கிடையாது. அவை ஆஃபிஸ் 2000இல்தான் வந்தன. மொழி இப்படி ஏழையாக இருந்த காலத்தில் அக்கம்பக்கத்தில் கிடைத்ததை எடுத்துக்கொள்வது இயல்பாக இருந்தது. வலைப்பக்கங்களுக்கும் விண்டோஸ் ஸ்கிரிப்டுகளுக்கும் என்று உருவான ஸ்கிரிப்டிங் ரன்டைம் லைப்ரரி அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதில் கோப்புகளைக் கையாளும் ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட் இருந்தது. நாங்கள் அதைச் சுருக்கமாக எஃப்எஸ்ஓ என்போம். கூடவே, சாவியைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் டிக்ஷனரி இருந்தது. நகல் எடு, கோப்புறை உண்டா என்று பார், உள்ளே உள்ளவற்றை எண்ணு என்று எல்லாவற்றையும் ஒரே ஆப்ஜெக்டிடம் கேட்கும் வசதி பிடித்துப்போயிற்று. விஷுவல் பேசிக்கிலேயே ஃபைல்காப்பி, கில், எம்கேடிர், டிர் என்று பழைய கட்டளைகள் இருந்தும் அவற்றை நாங்கள் பாட்டி காலத்துப் பாத்திரம்போலப் பரணில் ஏற்றிவிட்டோம்.

அந்தப் பாத்திரங்களின் மதிப்பு பிறகுதான் தெரிந்தது. ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். இரவில் தரவுக் கோப்பை வேறொரு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். விஷுவல் பேசிக்கின் ஃபைல்காப்பி, யாராவது அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் "அனுமதி இல்லை" என்று 70ஆம் எண் பிழையைக் கொடுத்து நின்றுவிடும். எஃப்எஸ்ஓ அப்படி நிற்காது. கோப்பு திறந்திருந்தாலும் சத்தமில்லாமல் நகலெடுத்துத் தந்துவிடும். முதலில் இதை நான் எஃப்எஸ்ஓவின் திறமை என்றே நினைத்தேன். யாரோ ஒரு பில்லைப் பாதியில் சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் எடுத்த நகலுக்குள் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நகலைத் தேவைப்படும் நாளில் திறந்து பார்த்த பிறகுதான், பிழை கொடுத்து நிற்கும் கட்டளையே காப்பு நகலுக்கு ஏற்றது என்று புரிந்தது. இப்போதும் என் காப்பு நகல் நிரல் பழைய ஃபைல்காப்பியையே பயன்படுத்துகிறது. அது நின்றுவிட்டால், யார் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள் என்று மறுநாள் கேட்டுக்கொள்கிறேன்.

எஃப்எஸ்ஓவுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி உலகெங்கும் பரவிய ஐ லவ் யூ புழு, விபிஸ்கிரிப்டில் எழுதப்பட்டு, படக் கோப்புகளையும் ஸ்கிரிப்ட் கோப்புகளையும் இதே எஃப்எஸ்ஓவைக் கொண்டுதான் மேலெழுதி அழித்தது. அதன்பிறகு சில ஆண்டுகளுக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அந்த லைப்ரரியைத் தொடும் நிரலைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தன. சில நிர்வாகிகள் லைப்ரரியையே விண்டோஸின் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். ஒரு பருத்தி ஆலைக்காக நான் எழுதிய ஏற்றுமதிப் பொத்தான், அழுத்தினால் மணல் கடிகாரத்தோடு அசையாமல் நிற்கும். பிழைச்செய்தியும் வராது. இரண்டு நாள் தேடிய பிறகு, அங்கிருந்த வைரஸ் தடுப்பு அந்த அழைப்பைப் பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. நான் அந்த இடத்தில் எஃப்எஸ்ஓவைக் கொண்டு செய்த வேலை ஒரு உரைக் கோப்பில் நாற்பது வரி எழுதியதுதான். மொழியிலேயே உள்ள ஓப்பன், பிரிண்ட், குளோஸ் மூன்றும் போதும். சோம்பலுக்குக் கிடைத்த தண்டனை என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

இதற்காக எஃப்எஸ்ஓவை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. அதிலும் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு முடியவே முடியாது. கோப்புறையில் உள்ளவற்றின் பெயர்களைத் தரும் விஷுவல் பேசிக்கின் டிர் கட்டளை, கோப்புப் பெயரை யூனிகோடிலிருந்து விண்டோஸின் பழைய குறிமுறைக்கு மாற்றித்தான் நமக்குத் தருகிறது. தமிழுக்கு அந்தப் பழைய குறிமுறைகளில் ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே வழக்கமான ஆங்கில அமைப்பில் ஓடும் கணினியில் "முருகன்" என்ற பெயருள்ள பிடிஎஃப் கோப்பை டிர் நமக்கு ஏழு கேள்விக்குறிகளாகக் காட்டும். மூன்றெழுத்து, நான்கெழுத்து என்று நாம் எண்ணும் கணக்கு வேறு. யூனிகோடில் "முருகன்" என்பது துணைக்குறிகளும் புள்ளியும் சேர்ந்து ஏழு குறிகள்.

வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் அசிங்கம் என்பதோடு போயிற்று. அந்தப் பெயரை அப்படியே கோப்பை அழிக்கும் கில் கட்டளைக்குக் கொடுத்தால்தான் ஆபத்து. கில் கட்டளைக்குக் கேள்விக்குறி என்பது எழுத்தில்லை. "இந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம்" என்ற பொருள் கொண்ட குறி. ஒரு கோப்புறையில் பழைய பில்களின் பிரதிகளைத் துடைக்க நான் எழுதிய நிரல், முருகன் பெயரிலான ஒரு கோப்பை அழிக்கப் போய், ஏழு எழுத்துப் பெயர் கொண்ட எந்த பிடிஎஃப் கோப்பையும் அழிக்கத் தயாராக நின்றது. அதே கோப்புறையில்தான் மாதாந்திர வரிக் கணக்குகள் "2018-04", "2018-05" என்ற பெயர்களில் இருந்தன. எண்ணிப் பாருங்கள், ஏழு எழுத்து. சோதனைக் கோப்புறையில் ஓட்டிப் பார்த்ததால் பிழைத்தேன். எஃப்எஸ்ஓ கோப்புப் பெயர்களை யூனிகோடாகவே வாங்கி யூனிகோடாகவே கொடுக்கிறது. அதன்வழி அழித்தால் முருகன் மட்டும் போவார். ஏப்ரல் மாதக் கணக்கு இருக்கும்.

டிர் கட்டளைக்கு வேறொரு குறையும் உண்டு. அது ஒரே ஒரு தேடலைத்தான் நினைவில் வைத்திருக்கும். ஒரு கோப்புறையைச் சுற்றிவரும்போது நடுவில் உள்கோப்புறைக்காக இன்னொரு டிர் போட்டால், வெளித் தேடல் மறந்துவிடும். பெயர்களை முதலில் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு பிறகு உள்ளே இறங்கினால் இதைச் சமாளிக்கலாம். தமிழ்ப் பெயர்ச் சிக்கலுக்கு அத்தகைய மாற்று மொழிக்குள் இல்லை. விண்டோஸின் உள் ஃபங்ஷன்களான ஏபிஐயை நேராக அழைக்க வேண்டும், அல்லது எஃப்எஸ்ஓவிடம் போக வேண்டும். நான் எஃப்எஸ்ஓவிடம் போகிறேன்.

கோப்பின் பெயரைக் கையாள்வதில் இத்தனை ஒழுங்காக நடக்கும் எஃப்எஸ்ஓ, கோப்பின் உள்ளடக்கம் என்று வந்ததும் தமிழைக் கைவிட்டுவிடுகிறது. அதற்குத் தெரிந்த உரை வடிவங்கள் இரண்டே: பழைய குறிமுறை, பதினாறு பிட் யூனிகோடு. இன்று எல்லோரும் அனுப்பும் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவம் அதற்குத் தெரியாது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும் என்பதால், ஒவ்வொரு குறிக்கும் பொருளற்ற மூன்று எழுத்து வீதம் திரையில் வந்து நிற்கும். எழுதும்போது நிலைமை இன்னும் மோசம். யூனிகோடு என்று சொல்லாமல் கோப்பை உருவாக்கித் தமிழை எழுதப் போனால், 5ஆம் எண் பிழை வரும். செய்தியில் தமிழைப் பற்றியோ குறிமுறையைப் பற்றியோ ஒரு வார்த்தை இருக்காது. யுடிஎஃப்-8 வேண்டுமென்றால் தரவைக் கையாளும் ஏடிஓ என்ற இன்னொரு லைப்ரரியின் ஸ்ட்ரீம் ஆப்ஜெக்டைத்தான் நாட வேண்டும். அதுவும் கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளக்குறி ஒன்றைச் சேர்த்தே எழுதும். அது வேண்டாம் என்றால் ஸ்ட்ரீமை பைனரியாக மாற்றி, மூன்றாம் பைட்டைத் தாண்டி நகலெடுத்துச் சேமிக்க வேண்டும். ஆக, ஒரு வெளிக் கூறின் குறையைத் தீர்க்க இன்னொரு வெளிக் கூறு. கடனை அடைக்கக் கடன் வாங்கும் கதைதான், ஆனால் தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்பவருக்கு இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

டிக்ஷனரியைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. விஷுவல் பேசிக்கின் சொந்தக் கலெக்ஷனில் ஒரு சாவி இருக்கிறதா என்று நேராகக் கேட்க வழி கிடையாது. பிழை வரவழைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்ஷனரியில் எக்ஸிஸ்ட்ஸ் என்று கேட்டால் முடிந்தது. ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். அட்டவணையின் வரிகளைத் தரும் ரெக்கார்ட்செட்டின் புலத்தை அப்படியே சாவியாகக் கொடுத்தால், அதில் உள்ள மதிப்பை விட்டுவிட்டுப் புலம் என்ற ஆப்ஜெக்டையே அது சாவியாக எடுத்துக்கொள்ளும். பிறகு எந்த வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டாலும் "இல்லை" என்றே பதில் வரும். புலத்தின் பின்னால் "வேல்யூ" என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

நான் மனமார வருந்துவது, உரையாகக் கொடுத்த ஸ்கிரிப்டை ஓட்டித் தரும் ஸ்கிரிப்ட் கண்ட்ரோல் என்ற கூறைச் சேர்த்ததற்காகத்தான். ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங் பிரிவுத் தொழிலாளர்களுக்கு ஊக்கத்தொகை கணக்கிட வேண்டும். ஷிஃப்டுக்கு இத்தனை கிலோ இலக்கு, அதற்கு மேல் ஓடினால் கிலோவுக்கு இவ்வளவு என்பது அடிப்படை. ஆனால் இலக்கு நூலின் கவுண்டை, அதாவது மென்மையைக் குறிக்கும் எண்ணைப் பொறுத்து மாறும். இரவு ஷிஃப்டுக்கு வேறு. பேச்சுவார்த்தை முடியும்போதெல்லாம் சூத்திரமே மாறும். ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்தி அனுப்ப முடியாது என்பதால், சூத்திரங்களை ஓர் அட்டவணையில் உரையாகவே வைத்து, ஓடும்போது அதைக் கணக்கிடும்படி அமைத்தேன். "கிலோ", "இலக்கு" என்று தமிழ்ச் சொற்களையே அவர்கள் சூத்திரத்தில் எழுதலாம். நிரல் அந்தச் சொற்களுக்குப் பதிலாக எண்களை நிரப்பி, கிடைக்கும் கோவையை ஸ்கிரிப்ட் கண்ட்ரோலிடம் கொடுத்து விடையை வாங்கிக்கொள்ளும். விஷுவல் பேசிக்கின் எடிட்டரில் தமிழ் எழுத்தை அடிக்க முடியாது என்பதால் சொற்களின் பட்டியலும் இன்னோர் அட்டவணையில்தான் இருந்தது. "கிலோ" என்பதை முதலில் மாற்றினால் "கிலோஇலக்கு" என்ற சொல்லின் முன்பாதியும் எண்ணாகிவிடும். ஆகவே நீளமான சொல்லை முதலில் மாற்ற வேண்டும் என்று வரிசைப்படுத்தினேன். இந்தச் சாமர்த்தியத்தில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கண்ட்ரோலுக்கு நான் சொன்ன மொழி விபிஸ்கிரிப்ட். அதில், நிபந்தனையைப் பார்த்து இரண்டில் ஒரு மதிப்பைத் தரும் ஐஐஃப் கிடையாது. "இலக்கைத் தாண்டினால் இது, இல்லையென்றால் சுழியம்" என்று சூத்திரத்தில் எழுத அது கட்டாயம் வேண்டும். ஆகவே ஐஐஃபை நானே ஸ்கிரிப்டாக எழுதி, ஒவ்வொரு முறையும் கண்ட்ரோலுக்குள் ஏற்றினேன். ஏழெட்டு ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு ஆலையில் புதிய கணினிகள் வந்தன. ஆஃபிஸின் 64 பிட் பதிப்பு 2010இலேயே வந்துவிட்டாலும், ஆஃபிஸ் 2019 முதல்தான் அது இயல்பான நிறுவலாக ஆனது. ஸ்கிரிப்ட் கண்ட்ரோல் 32 பிட்டில் மட்டுமே உண்டு. அதற்கு 64 பிட் வடிவத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிடவே இல்லை. சம்பளம் போட வேண்டிய வாரத்தில் 429ஆம் எண் பிழை: ஆக்டிவ்எக்ஸ் கூறினால் ஆப்ஜெக்டை உருவாக்க முடியவில்லை.

ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்து அந்த வாரச் சம்பளத்தைப் போட்டு முடித்தோம். அதன் பிறகு உட்கார்ந்து யோசித்தபோது என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆக்சஸிலேயே ஈவல் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. உரையாக உள்ள கோவையைக் கொடுத்தால் விடையைத் தரும். அதற்கு ஐஐஃப் தெரியும். நாம் எழுதிய பொது ஃபங்ஷன்களை அழைக்கவும் தெரியும். நம் நிரலின் உள் மாறிகளை மட்டும் அதனால் பார்க்க முடியாது, ஆனால் நான்தான் மாறிகளையெல்லாம் முன்பே எண்களாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேனே. கண்ட்ரோலை உருவாக்கி, மொழியைச் சொல்லி, ஐஐஃபை ஏற்றி, கணக்கிடச் சொன்ன பதினோரு வரிகளுக்குப் பதிலாக ஒரு வரி போதுமானதாக இருந்தது. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்க, எட்டு ஆண்டுகள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றிருக்கிறேன்.

இதே நேரத்தில் ஃபாக்ஸ்புரோ என்ற இன்னொரு தரவுத்தள மொழியில் காலம் தள்ளிய என் மூத்த நண்பர் ஒருவரை நினைத்துக்கொள்வேன். விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் கோப்பு முழுவதையும் ஒரு சரமாகப் படிக்க ஃபைல்டுஸ்டர், திரும்ப எழுத ஸ்டர்டுஃபைல், இரண்டு குறிகளுக்கு நடுவில் உள்ளதை உருவ ஸ்டர்எக்ஸ்ட்ராக்ட் என்று எல்லாம் மொழிக்குள்ளேயே உண்டு. "உங்களுக்கு ஒரு கோப்பைப் படிக்க எத்தனை பேரைக் கூப்பிடறீங்க தம்பி" என்று கேலி செய்வார். அவருடைய மொழிக்கே 2015 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது என்பதை நானும் பதிலுக்குச் சொல்லிக் காட்டியதுண்டு. ஆனால் அவருடைய பழைய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூறு ஒன்று வேண்டியே தீரும் என்றால் அதை எப்படிக் கூப்பிடுவது என்பதில் எங்களுக்குள் பழைய சண்டை ஒன்று உண்டு. ரெஃபரன்ஸ் பட்டியலில் டிக் செய்து, வகைப் பெயரோடு அறிவித்து எழுதுவது எர்லி பைண்டிங். புள்ளி வைத்தவுடன் எடிட்டர் பட்டியல் விரித்துக் காட்டும். பிழைகள் கம்பைல் செய்யும்போதே பிடிபடும். வேகமும் கொஞ்சம் கூடுதல். வெறும் ஆப்ஜெக்ட் என்று அறிவித்து, ஓடும்போது கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் பெயர் சொல்லி அழைப்பது லேட் பைண்டிங். இதில் எடிட்டர் உதவாது. லைப்ரரியின் மாறிலிகளும் கிடைக்கா. படிக்க 1, எழுத 2, கடைசியில் சேர்க்க 8 என்று நாமே எண்களை அறிவித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கூறு காணாமல் போனால் அந்த ஒரு ஃபங்ஷன் மட்டும்தான் விழும்; தேதியும் ட்ரிம்மும் சேர்ந்து விழா. எழுதும்போது எர்லி, அனுப்பும்போது லேட் என்பதே நான் பிறருக்குச் சொல்லி வந்த வழி. சொல்லி வந்த நானே 2009இல் எழுதிய ஒரு மாட்யூலில் ரெஜெக்ஸை எர்லியாக விட்டுவைத்திருந்தேன் என்பதற்குச் சாட்சிதான் அந்த ஐந்தாவது வரி.

ரெஜெக்ஸின் கதை இப்போது வேடிக்கையான ஒரு திருப்பத்தில் நிற்கிறது. 1996இல் பிறந்த விபிஸ்கிரிப்டுக்கு 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விடைகொடுக்கத் தொடங்கியது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அது வேண்டுமானால் வைத்துக்கொள்ளும் கூறாக, ஆனால் முன்பே நிறுவப்பட்டதாக வந்தது. 2027 வாக்கில் முன்நிறுவல் நின்றுவிடும் என்றும், பிறகு ஒரு பதிப்பில் அடியோடு நீக்கப்படும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். எஃப்எஸ்ஓவும் டிக்ஷனரியும் வேறொரு டிஎல்எல்லில் இருப்பதால் இந்த அறிவிப்பு அவற்றைத் தொடவில்லை. பலர் இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பதறுகிறார்கள். ரெஜெக்ஸ் மட்டும் விபிஸ்கிரிப்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. இதற்குத் தீர்வாக, மைக்ரோசாஃப்ட் 365இன் 2508ஆம் பதிப்பு முதல் ரெஜெக்ஸை விஷுவல் பேசிக் மொழியின் லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதாவது எர்லி பைண்டிங்கில் "நியூ" என்று எழுதியவர்கள் ஐந்தாவது வரியின் டிக்கை எடுத்துவிட்டால் போதும், நிரல் அப்படியே ஓடும். எங்கள் பேச்சைக் கேட்டு லேட் பைண்டிங்கில் விபிஸ்கிரிப்டின் பெயர் சொல்லி அழைத்தவர்கள்தான் ஒவ்வொரு இடமாகத் தேடித் திருத்த வேண்டும். இருபது ஆண்டு உபதேசத்துக்கு இப்படி ஒரு முடிவு வரும் என்று நான் நினைக்கவில்லை.

திருப்பூர்க் கடைக்கு அந்த எளிய வழி உதவவில்லை. அங்கே இரண்டு கணினிகளில் மைக்ரோசாஃப்ட் 365 இருந்தது. மூன்றாவதில் ஆஃபிஸ் 2016. புதிய ரெஜெக்ஸை அது அறியாது. அன்று காலை பில் நின்றுபோயிருந்ததால், பாதுகாப்புக்காரரிடம் பேசி அவர் ஒப்புதலோடு விபிஸ்கிரிப்டைத் தற்காலிகமாகத் திரும்பச் சேர்த்துவிட்டு, இரண்டு வாரம் தவணை வாங்கிக்கொண்டேன்.

ரெஜெக்ஸை நான் எங்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறேன் என்று தேடினால் மொத்தம் மூன்றே இடம். முதலாவது ஜிஎஸ்டி எண்ணின் வடிவைச் சரிபார்ப்பது. பதினைந்து இடங்கள்: தமிழ்நாட்டுக்கு 33 என்பதுபோல மாநிலத்துக்கு இரண்டு எண், பான் எண்ணின் பத்து எழுத்து, பதிவு வரிசைக்கு ஒன்று, வழக்கமாக இசட், கடைசியில் சரிபார்ப்புக் குறி. ஒவ்வோர் இடத்திலும் என்ன வரலாம் என்பது நிச்சயம் என்பதால், மொழியிலேயே உள்ள, வடிவத்தை ஒப்பிடும் லைக் ஒரே வரியில் இதைச் செய்துவிடுகிறது. இரண்டாவது, தொலைபேசி எண்ணிலிருந்து இடைவெளி, கோடு, அடைப்புக்குறி ஆகியவற்றைக் களைவது. ஓர் எழுத்தாக நடந்து எண்ணை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஐந்து வரிச் சுற்று போதும்.

மூன்றாவது இடம்தான் உண்மையில் ரெஜெக்ஸுக்கு உரியது. ஆலைகள் அனுப்பும் சரக்கு விவரம் ஒவ்வொன்றும் ஒரு விதமாக வரும். "40 கோம்டு", "கார்டடு 30 ஹோசியரி", "2/40 வார்ப்", நடுவில் லாட் எண், சில சமயம் எடை. இந்தக் கலவையிலிருந்து நூலின் கவுண்டை மட்டும் உருவி அதற்கான கட்டத்தில் நிரப்ப 2009இல் ஒரு பேட்டர்ன் எழுதியிருந்தேன். பிறகு விதிவிலக்கு வரும்போதெல்லாம் அதை நீட்டி, நானே படிக்க அஞ்சும் அளவுக்கு வளர்த்திருந்தேன். இதை மிட், லைக் கொண்டு திரும்ப எழுதினால் நூறு வரியைத் தாண்டும். யோசித்துவிட்டு, அதை ஒரு தனி ஃபங்ஷனுக்குள் அடைத்து, ரெஜெக்ஸை லேட் பைண்டிங்கில் அழைத்து, கிடைக்காவிட்டால் வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும்படி அமைத்தேன். விபிஸ்கிரிப்ட் மறுபடி நீக்கப்பட்டது. மூன்று கணினிகளிலும் பில் ஓடியது. கவுண்டுக்கான கட்டம் மட்டும் வெறுமையாக வந்தது.

கையால் அடிக்க வேண்டியிருப்பதற்கு மன்னிப்புக் கேட்கப் பெரியவரை அழைத்தேன். "அதுங்களா? அதுல வர்றத நான் எப்பவும் நம்பறதில்லீங்க தம்பி. லாட் நம்பரத் தூக்கிக் கவுண்ட்டுல போட்டுரும். அழிச்சுப்போட்டு நானே பார்த்து அடிச்சுத்தானுங்க பழக்கம்" என்றார். எத்தனை வருடமாக என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை அந்த ஃபங்ஷனையும் நீக்கி, நான்கு வரிப் பட்டியலோடு கோப்பை அனுப்பி வைத்தேன்.